வேண்டாததை விலக்கும் உரிமை

நம் தோட்டங்களில் எழுத்தறிந்தவர் ஒருவர் மாலை வேளையில் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 'தமிழ் நேசன்', 'தமிழ் முரசு' முதலிய பத்திரிகைகள் எழுத்தறியாத பலருக்கும் அவ்விதமாகவே போய்ச் சேர்ந்தன. அதில் நாம் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றிருக்கிறது. படிப்பவர் ஒருவரேயாயினும், எதைப் படிப்பது என்று தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தவர்களே. "அந்த ராசிபலனை விடுங்கள் அண்ணே, கூலி விஷயம் என்ன போட்டிருக்கிறான், அதைப் படியுங்கள்" என்று ஒருவர் சொல்வார். படிப்பவரும் தாளைத் திருப்புவார். "விடுங்கள்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு அன்று இருந்த அதிகாரம் இன்று எங்கே போயிற்று என்பதைப் பற்றியே இங்குச் சிறிது எழுதக் கருதுகிறோம்.

இன்று பத்திரிகை படித்துச் சொல்பவர் இல்லை. லயங்களும் அநேகமாக இல்லை. ஈப்போவிலிருந்து பாலிம், மெங்லெம்பு வழியாக லகாட்டுக்கு வரும் சாலையின் இருபுறமும் பார்த்தால், பால்மரம் நின்ற நிலங்களிற் பல செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. ஈயம் தோண்டிய பள்ளங்கள் குளங்களாய்க் கிடக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்துக் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மாத்திரம் மாறவில்லை. முன்பு கிராணியிடமோ வாத்தியாரிடமோ போய்க் கேட்டதை, இப்போது கைப்பேசியிடம் கேட்கிறோம். எழுதத் தெரியாதவர்களும் வாய்விட்டுத் தமிழிற் கேட்டாற் போதும், அது பதில் சொல்கிறது. இது பெரிய அனுகூலமே. இதை நாம் குறை கூற வரவில்லை.

பதில் சொல்வது யார் என்பதே கேள்வி. தேடுபொறி என்னும் இயந்திர ஏற்பாடு, உலகத்து இணையத்தளங்களை ஓயாது சுற்றிப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று பெரியதோர் அட்டவணை எழுதி வைக்கிறது. நாம் கேட்டவுடன் அவ்வட்டவணையிலிருந்து பல்லாயிரம் பக்கங்களை எடுத்து, இது முதல், இது இரண்டாவது என்று வரிசைப்படுத்தி நம் முன் வைக்கிறது. அந்த வரிசையிலேதான் சகல சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. நம்மிற் பெரும்பாலோர் முதல் நாலைந்து பக்கங்களுக்குக் கீழே போவதில்லை. இதை நாம் அறிவதற்கு முன்பே வியாபாரிகள் அறிந்துகொண்டார்கள். எந்தச் சொற்களை எத்தனை முறை எழுதினால், எத்தனை தளங்களிலிருந்து தன்னைச் சுட்டிக்காட்டச் செய்தால் முன்வரிசையில் ஏறலாம் என்பது இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சந்தையில் நல்ல சரக்கு வைத்திருப்பவனைவிட, வாசலில் இடம் பிடித்தவனுக்கே விற்பனை நடப்பதுபோல, உண்மை எழுதுபவனைவிட முதல் வரிசையைப் பிடிக்கத் தெரிந்தவனே நமக்கு ஆசிரியனாக வந்து வாய்க்கிறான்.

லகாட்டில் நமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். அவருக்கு நீரிழிவு. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவர்தாம். நான்காம் படிவம் படிக்கும் அவருடைய பேரன், பாட்டி என்னென்ன சாப்பிடலாம் என்று அறியும் நல்லெண்ணத்தோடு கைப்பேசியில் தமிழிலே தேடினான். முதலில் வந்த பக்கம், நீரிழிவை அடியோடு ஒழிக்கும் சூரணம் ஒன்றைப் பற்றிச் சொல்லிற்று. இரண்டாவதாக வந்ததும் அதையே சொல்லிற்று, நான்காவதும் அதையே. பெயர் மூன்று, படம் மூன்று. பணம் அனுப்பும் கணக்கோ ஒன்றே. மூன்று இடத்தில் ஒரே செய்தி வந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று வீட்டார் நினைத்ததில் வியப்பொன்றும் இல்லை. நூற்றெண்பது வெள்ளி கொடுத்து வாங்கினார்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் சூரணம் வேலை செய்யும் என்று அதில் எழுதியிருந்தமையால் மாத்திரையையும் நிறுத்தினார்கள். மூன்றாவது வாரத்தில் அந்த அம்மையார் மயங்கி விழ, ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பிழைத்து வந்தார்.

இஃது ஒரு வீட்டுக் கதை மாத்திரம் அன்று. 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 100க்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மாத்திரம் எடுத்துக்கொண்டால் 100க்கு 31.4 பேர். மூவரில் ஒருவர் என்றே சொல்லலாம். அவர்கள் யாவரும், அவர்கள் மக்களும், அதே சொற்களைத் தமிழில் தேடுகிறார்கள். சூரணக்காரன் கடை விரிக்க இதைவிட நல்ல இடம் வேறு எது? நாட்டு மருந்தே கூடாதென்று நாம் சொல்லவில்லை. இந்நாட்டிற் பதிவு பெற்ற மருந்தாயின் அதன் பெட்டியின்மேல் 'மால்' என்று தொடங்கும் எண் இருத்தல் வேண்டும். அதைப் பார்த்து வாங்கலாம். அச்சூரணத்தின் பெட்டியில் விநாயகர் படம் இருந்தது, எண் இல்லை.

நிற்க. நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது அந்த மயக்கமன்று; அதன் பிறகு பையன் கேட்ட கேள்வியே. பாட்டி வீடு திரும்பிய பின்னும் அவன் உணவு வகைகளைப் பற்றித் தேடும்போதெல்லாம் அதே மூன்று பெயர்களும் அதே வரிசையில் முன்னே வந்து நின்றன. "ஐயா, இந்தக் கடையை இனிமேல் எனக்குக் காட்டாதே என்று இதனிடம் சொல்ல முடியாதா?" என்று நம்மைக் கேட்டான். வீட்டு வாசலில் வந்து ஏமாற்றியவனை அடுத்த முறை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட எவருக்கும் உரிமையுண்டு. வானொலியைத் திருப்பி வைக்கலாம். பத்திரிகைத் தாளைப் புரட்டிவிடலாம். உலகத்து அறிவை எல்லாம் கொண்டுவந்து கொட்டுவதாகச் சொல்லும் இயந்திரத்திடம், ஒரு கடையை விலக்கு என்று சொல்ல வழியில்லையா?

வழி இருந்தது; பிறகு அடைக்கப்பட்டது. இச்சரித்திரம் நம்மவர் பலருக்குத் தெரியாது. கூகுள் நிறுவனம் 2008ஆம் ஆண்டு நவம்பரில், தன்னிடம் கணக்கு வைத்திருப்போர் தேடல் வரிசையில் வேண்டியதை மேலே ஏற்றவும் வேண்டாததை நீக்கவும் ஓர் ஏற்பாடு செய்தது. 2010ஆம் ஆண்டு மார்ச்சில் அதை எடுத்துவிட்டு, பிடித்த பக்கத்துக்கு நட்சத்திரம் இடும் வழக்கத்தை வைத்தது. புகழலாம், விலக்கலாகாது என்பதுபோல! அக்காலத்திலே, பிறர் எழுதியதைச் சுரண்டியும் கூலிக்கு அவசரமாய் எழுதுவித்தும் பக்கங்களை மலையாய்க் குவித்து, விளம்பரக் காசு பொறுக்கும் தளங்கள் பெருகின. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில், குரோம் உலாவியில் இணைத்துக்கொள்ளத்தக்க சிறு கருவி ஒன்றை அந்நிறுவனமே வெளியிட்டது. வேண்டாத தளத்தைச் சுட்டினால் அது அவருடைய தேடலில் மீண்டும் தலைகாட்டாது. அடுத்த மாதமே, கருவி ஏதுமின்றித் தேடல் பக்கத்திலேயே தளத்தை விலக்கும் வசதியும் வந்தது.

இதற்கிடையே நடந்த ஒன்றை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். அதே பிப்ரவரியில் கூகுள் தன் வரிசை முறையையே மாற்றி, பதர்த் தளங்களைக் கீழே தள்ளிற்று. அமெரிக்காவிற் கேட்கப்படும் கேள்விகளில் 100க்கு 11.8இன் விடைகள் இதனால் கவனிக்கத்தக்க அளவு மாறின என்று அதுவே சொல்லிற்று. அம்மாற்றத்தைச் செய்கையில், பொதுஜனங்கள் அச்சிறு கருவியால் விலக்கிய தளங்களின் கணக்கை அவர்கள் பயன்படுத்தவில்லை. பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஜனங்கள் அதிகமாய் விலக்கியிருந்த சில டஜன் தளங்களில் 100க்கு 84 தளங்கள் அவர்களுடைய புது முறையாலும் தள்ளப்பட்டிருந்தன என்று கண்டார்கள். அதாவது, பெரும் படிப்புப் படித்த பொறியியலாளர் பலர் கணக்குப் போட்டுக் கண்டதையே, பெயர் தெரியாத சாமானிய ஜனங்கள் தங்கள் சொந்த அனுபவத்தாற் கண்டு சுட்டியிருந்தார்கள். ஜனங்களுக்கு என்ன தெரியும் என்று பேசுவோர் இந்த 84ஐக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அவ்வளவு யோக்கியதை காட்டிய அந்த வசதி சில ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. கூகுளின் தாய் நிறுவனமாகிய ஆல்பபெட்டுக்கு 2023ஆம் ஆண்டில் வந்த வரவு ஏறக்குறைய 30,739 கோடி அமெரிக்க டாலர். அதில் 23,700 கோடிக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. வேண்டாத பக்கங்களிற் பலவற்றில் விளம்பரம் இடுவதும் அதே நிறுவனத்தின் வேறொரு பிரிவே. காசில் ஒரு பங்கு தளத்தாருக்கு, ஒரு பங்கு நிறுவனத்துக்கு. ஆகையால்தான் விலக்கும் வசதியை எடுத்தார்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. 2011இல் பதர்த் தளங்களைத் தாமே தள்ளினவர்களும் அவர்களே. ஆனால், நாம் எதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ள ஓர் இயந்திரத்துக்கு மனமில்லாமல், நாம் எதைப் பார்த்தோம் என்பதை மாத்திரம் ஒன்றுவிடாமல் நினைவில் வைத்துக்கொள்ளுமானால், அவ்வியந்திரம் யாருடைய வேலைக்காரன் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவிலும் இந்தியாவிலும், தமக்கு விருப்பமான செய்தித் தளங்களைத் தேர்ந்தெடுத்து முன்வரிசையில் அதிகமாய்க் காணும் வசதியை அந்நிறுவனம் கொடுத்தது. மறுபடியும் அதே கதை: விருப்பத்தைச் சொல்லலாம்.

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அலசிய பெண்களை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். டுலாங் என்னும் மரத்தட்டை ஓடும் நீரிற் சுழற்றச் சுழற்ற மணல் வழிந்து போகும். கனத்த ஈயமணல் அடியிலே தங்கும். அரசாங்கத்தின் உரிமச்சீட்டு வேண்டியிருந்தது, வாங்குவோன் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் உண்மையே. ஆயினும் தட்டு அவள் கையில் இருந்தது. எவ்வளவு சாய்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அவள் மணிக்கட்டு அறியும். இன்று நம் பொருட்டு வேறொருவர் தட்டைச் சுழற்றுகிறார். அடியில் தங்கியது இதுதான் என்று நம்மிடம் நீட்டுகிறார்.

தற்போது நமக்கு இருக்கும் வழிகளைச் சொல்லவேண்டும். முதலாவது, தேடும் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஒரு கழித்தற் குறியிட்டு, அதை ஒட்டி 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும், பிறகு வேண்டாத தளத்தின் முகவரியையும் இடைவெளியின்றி எழுதினால், அத்தளம் நீங்கிய வரிசை வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதவேண்டும். இயந்திரம் நினைவில் வைத்துக்கொள்ளாது. வாய்விட்டுத் தேடும் பாட்டிமார்க்கு இது பயன்படுவதெப்படி? இரண்டாவது, யூபிளாக்லிஸ்ட் என்ற இலவசக் கருவி. அதன் மூலநிரல் யாவரும் பார்க்கத் திறந்திருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய உலாவிகளில் அதைச் சேர்த்துக்கொண்டால், ஒருமுறை விலக்கியது விலக்கியதாகவே இருக்கும். கணினியில் இது எளிது. கைப்பேசியிலோ, ஃபயர்ஃபாக்ஸ் போன்றதை நிறுவி அதன்மேல் இதையும் நிறுவ வேண்டும்; நம்மவரிற் பெரும்பாலோரிடம் இருப்பது கைப்பேசி ஒன்றே. மூன்றாவது, காகி என்னும் தேடுபொறி. இது விளம்பரம் போடுவதில்லை; பயன்படுத்துவோரிடம் மாதச் சந்தா வாங்கிப் பிழைக்கிறது. தளங்களை விலக்கவும், தாழ்த்தவும், உயர்த்தவும் இதில் வசதியுண்டு. எந்தெந்தத் தளங்களைச் சந்தாதாரர்கள் மிகுதியாய் விலக்குகிறார்கள் என்ற பட்டியலையும் வெளியிடுகிறது. அதில் பின்டரஸ்ட் என்னும் படத்தளத்தின் முகவரிகளே முன்னணியில் நிற்கின்றன. பணம் கொடுப்பவனுக்கு விலக்கும் உரிமை, கொடாதவனுக்கு இல்லை என்றாகிவிட்டது. முதல் வகுப்புப் பெட்டியில்தான் சன்னலைச் சாத்தலாம் என்பது போன்ற நியாயம் இது.

இனி, 'விலக்குதல்' என்றவுடன் சில நண்பர்கள் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். இந்நாட்டிலே அச்சொல்லுக்கு வேறொரு சரித்திரம் உண்டு. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம், தன்னில் உள்ள எதுவும் இணையத்தைத் தணிக்கை செய்ய இடந்தருவதாகப் பொருள்கொள்ளலாகாது என்று வெளிப்படையாய்ச் சொல்கிறது. எனினும் 2015ஆம் ஆண்டு ஜூலையில், அரசாங்க முதலீட்டு நிறுவனம் ஒன்றின் பண ஊழலைப் பற்றி எழுதிவந்த 'சரவாக் ரிப்போர்ட்' என்ற தளம் மலேசியாவில் தடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'மலேசியன் இன்சைடர்' என்ற செய்தித்தளம் தடுக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறிய பின்னரே 'சரவாக் ரிப்போர்ட்' மீண்டும் இங்குத் திறந்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், தளப் பெயர்களுக்கு உரிய முகவரியைக் காட்டும் வேலையை உள்நாட்டு நிறுவனங்களின் வழியாகவே நடத்தவேண்டும் என்று ஆணையம் கட்டளையிட்டது. சூதாட்டம் முதலிய தீமைகளினின்று ஜனங்களைக் காப்பதற்கு என்றார்கள். ஜனங்கள் எதிர்த்துப் பேசவே, சில நாட்களுக்குள் அது கைவிடப்பட்டது.

சூதாட்டத் தளத்தையும் போலி வங்கித் தளத்தையும் அரசாங்கம் தடுத்தால் நாம் வருந்தப் போவதில்லை. திருடனைப் பிடிப்பது போலீசின் வேலை. ஆனால் ஊழல் செய்தியைத் தடுத்ததும் அதே கைதான். அந்தத் தடையில், தடுத்தவர் வேறு, தடுக்கப்பட்டதை இழந்தவர் வேறு. இழந்தவரை யாரும் கேட்கவில்லை. நாம் பேசுவது இதற்கு நேர்மாறான ஒன்று. ஒருவன் தன் பொருட்டுத் தானே விலக்குகிறான். அடுத்த வீட்டுக்காரன் அதே பக்கத்தை ஆனந்தமாய்ப் படிக்கலாம். விலக்கியவனே நாளை மனம் மாறித் திறந்துகொள்ளலாம்.

இவ்விரண்டையும் ஒன்றாய்க் குழப்பாமல் இருந்தவர்கள், பெரிய கலாசாலையிற் படித்தவர்கள் அல்லர். நம் தோட்டத் தொழிலாளர்களே. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் அன்று வைத்த கோரிக்கைகளிற் கூலி உயர்வு ஒன்று. துரையைக் கண்டவுடன் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய வழக்கத்தை ஒழிப்பது ஒன்று. அவற்றோடு வேறிரண்டும் இருந்தன. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பது ஒன்று; உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக விடவேண்டும் என்பது மற்றொன்று. ஒரே தாளில், இதை அடை என்றும் அதைத் திற என்றும் கேட்டார்கள். பார்ப்பவர்களுக்கு முரணாகத் தோன்றலாம். முரண் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து களைத்து வரும் வழியிலே, கேளாமலே கள்ளுக்கடையை வைத்ததும் தோட்ட நிர்வாகமே. கேட்டும் உறவினனை வாசலில் நிறுத்தியதும் அதே நிர்வாகமே. எது என் வாசலுக்கு வரலாம், எது வரலாகாது என்று சொல்ல வேண்டியவன் அங்கே குடியிருப்பவன் என்பதே அவ்விரு கோரிக்கைகளுக்கும் அடியில் இருந்த ஒரே கருத்து.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை இலேசாக ஒதுக்கிவிட நாம் துணியோம். தனக்குப் பிடிக்காததை எல்லாம் விலக்கிக்கொண்டே போனால் மனிதன் கிணற்றுத் தவளையாகி விடமாட்டானா என்கிறார்கள். ஆகக்கூடும். சீர்திருத்தக்காரனும் ஆகக்கூடும், வைதிகன் மாத்திரமே கிணற்றில் இருக்கிறான் என்று நினைப்பது நம்மவர்களின் ஒரு பலவீனம். நாம் நம்முடைய கணினியில் விலக்கி வைத்திருப்பவை, அற்புத மருந்து விற்பவை, வசியம் செய்வினை என்று சொல்லிப் பணம் பறிப்பவை, பிறர் எழுதியதைத் திருடித் தம் பெயரிற் போடுபவை ஆகியனவே. சோதிடம் உண்மை என்று வாதாடும் பக்கங்களை நாம் விலக்கவில்லை. அவற்றைப் படிக்காமல் மறுப்பெழுதுவது எங்ஙனம்? வாதாடுபவன் வேறு, விற்பவன் வேறு. வாதாடுபவனை விலக்குவது கோழைத்தனத்துக்கு அடுத்த வீடு.

இதனினும் நம்மை அதிகமாய்க் கவலைக்குள்ளாக்குவது வேறொன்று. மேற்சொன்ன கருவிகளில், பிறர் தயாரித்த விலக்குப் பட்டியலை மொத்தமாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. நூற்றுக்கணக்கான போலித் தளங்களை ஒரே நொடியில் நீக்க இது உதவும். ஆனால் அந்தப் பட்டியலில் என்னென்ன இருக்கிறதென்று படித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? ஊரார் கூடி ஒரு குடும்பத்துக்கு நீரும் நெருப்பும் மறுத்த ஊர்விலக்கு நம் சமூகத்துக்குப் புதிதன்று. அதில் பாதிப்பேருக்கு, அந்தக் குடும்பம் செய்த குற்றம் என்ன என்பதே தெரியாது. நாட்டாண்மைக்காரர் சொன்னார், நாமும் வாசலைச் சாத்தினோம் என்பதே கதை. பட்டியலைக் கடன் வாங்குபவர்கள் மாதம் ஒருமுறையாவது அதைத் திறந்து பார்த்துக்கொள்வது உசிதம். சாதிக்கொடுமையைப் பற்றி எழுதும் ஒரு தளத்தை எவனோ அதற்குள் நுழைத்திருக்கலாம்.

நாம் கேட்பதெல்லாம் சிறிய விஷயம். தேடல் பக்கத்திலேயே, ஒவ்வொரு தளத்தின் பெயருக்கருகிலும், 'இதை எனக்குக் காட்டவேண்டாம்' என்று தமிழில் ஒரு சொல் இருக்கவேண்டும். விலக்கியவற்றை எல்லாம் ஓரிடத்தில் பார்த்து, வேண்டியபோது திரும்ப அழைக்கும் வழி இருக்கவேண்டும். கருவியை நிறுவும் தந்திரம் அறிந்த பேரன் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யவேண்டும். தமிழுக்கு இது பின்னும் அவசியம். ஆங்கிலத்தில் ஒரு நோயைப் பற்றி எழுதும் நல்ல தளங்கள் பலவுண்டு. பத்துப் பதர் நடுவே வந்தாலும் ஐந்து நெல் கிடைத்துவிடும். தமிழில் நன்றாய் எழுதுபவை சிலவே. தமிழ் விக்கிப்பீடியா, மதுரைத் திட்டம், ஈழத்து நூலகம் போலத் தொண்டர்கள் சம்பளமின்றி வளர்ப்பவை. சூரணக்காரர் மூவர் முன்வரிசையில் நின்றால், அந்தச் சில நெல்லும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. 2011இல் செய்து காட்டியதை இன்று செய்ய முடியாதென்று எந்த நிறுவனமும் சொல்லமுடியாது. தேடல் வியாபாரத்தில் கூகுள் சட்டவிரோதமாய் ஏகபோகம் நடத்திற்று என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறார். போட்டிக் கடை இல்லாத தெருவில் வாடிக்கைக்காரன் சொல்லுக்கு மதிப்பிருக்குமா என்று நேயர்களே யோசிக்கலாம்.

லகாட்டுப் பையன் எங்கெங்கோ விசாரித்து, பாட்டியின் கைப்பேசியில் ஃபயர்ஃபாக்சையும் அக்கருவியையும் நிறுவிவிட்டான். சென்ற வாரம் நாம் போயிருந்தபோது அவனுடைய பட்டியலில் பதின்மூன்று முகவரிகள் இருந்தன. என்னென்ன என்று தமக்கும் தெரியவேண்டும் என்றார் அந்த அம்மையார். முகவரிகள் ஆங்கில எழுத்தில் இருந்தமையால் பையன் ஒவ்வொன்றாய்ச் சொல்லிவந்தான். சூரணம் மூன்று, வட்டிக்கடன் நான்கு, மாந்திரீகம் ஐந்து. பதின்மூன்றாவது ஒரு பாட்டுத்தளம். விளம்பரத் தொல்லை பொறுக்காமல் அதையும் சேர்த்திருந்தான். "அதை ஏன்டா மூடின? பழைய பாட்டெல்லாம் அதிலதானே வரும். விளம்பரம் வந்தா நான் பாத்துக்கிறேன், எடுத்துவிடு" என்றார். எடுத்துவிட்டான். மற்றப் பன்னிரண்டும் இருக்கின்றன.